அம்மாவின் குளியலறை: மூன்று வருடத்தில் நிலைத்ததும் வீணானதும்

அம்மாவுக்குக் குளுக்கோமா. பக்கப் பார்வை போய், நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. 2022இல் குளியலறையில் சறுக்கி விழப் பார்த்தார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வாங்கியது, சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் வைத்த கைப்பிடி. டைல்ஸைத் துளைக்க மனசு வரவில்லை. ஒரு வாரம் கழித்து இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. டைல்ஸ் இணைப்பின் மேல் கப் உட்கார்ந்தால் காற்று புகுந்துவிடுமாம். அதை நம்பி யாரும் உடம்புப் பாரத்தைப் போட வேண்டாம். அப்புறம் பிளம்பரை வைத்து ஸ்டீல் கம்பியைத் திருகி மாட்டினோம். அம்மாவை டாய்லெட்டில் உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டோம்.

கம்பி உறுதிதான். ஆனால் அம்மா அதைப் பிடிக்கவே இல்லை. வெள்ளைச் சுவரில் பளபளக்கும் கம்பி அவர் கண்ணுக்குப் படவில்லை. இது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் சிவப்பு கிரிப்பைச் சுற்றினேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. கடைசியில் கழற்றிக்கொண்டு போய்க் கருநீலத்தில் பவுடர் கோட்டிங் போட்டு வந்தேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். சுவர், டாய்லெட், அதன் மூடி, வாளி, மக், எல்லாமே வெள்ளை! மூடியும் வாளியும் நீலமாகின, மக் சிவப்பானது. உள்ளே இறங்கும் ஓர் அங்குலப் படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட். செலவு சொற்பம், பலன் இதில்தான் அதிகம். வாளி நிறைவதை மட்டும் அம்மா பார்ப்பதில்லை, தண்ணீர் விழும் சத்தம் மாறுவதைக் கேட்டே குழாயை மூடிவிடுகிறார்.

ஆள் வந்தால் தானே எரியும் சென்சார் பல்பு பெரிய தோல்வி. டாய்லெட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அணைந்துவிடும். ஒருநாள் அம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது பால் நிற மூடி போட்ட சாதாரண எல்இடி, சாயங்காலத்திலிருந்து எரிந்துகொண்டே இருக்கும்.

தரைக்கு ரப்பர் மேட் போட்டோம். ஓரம் சுருண்டு அதுவே காலைத் தடுக்கியது. சொரசொரப்பான ஆர்11 டைல்ஸ் (ஆர் எண் வழுக்காத தன்மையின் அளவு) போட்ட பிறகு வழுக்கல் இல்லை. ஆனால் எங்கள் போர் தண்ணீரின் உப்பும் சோப்பும் படிந்துவிடும், வாரம் ஒருமுறை பிரஷ் போட்டே ஆக வேண்டும்.

சோப்பை நைலான் வலையில் போட்டுக் குழாயில் தொங்கவிட்டிருக்கிறோம். சுடுதண்ணீர்க் குழாயைத் தொட்டே கண்டுபிடிக்க அதில் இரண்டு ரப்பர் பேண்ட். பினாயில் வெளியே போய்விட்டது. பேரன் குளித்துவிட்டு வாளியை நடுவிலேயே விட்டுவருவதற்குத்தான் கடையில் இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கதவு வேலை பாக்கி. உள்பக்கமாகத் திறக்கிறது, அம்மா அதன் பின்னால் விழுந்துவிட்டால் தள்ள முடியாது. தச்சர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தாழ்ப்பாள் போடாமல், கதவில் துண்டைத் தொங்கவிட்டுக் குளிக்கிறார்.