ஏற்காடு மலையில் என் இரண்டாவது பிரசவம்: ஆரம்ப சுகாதார நிலைய சிஸ்டர்களைப் பற்றி

ஏற்காட்டில் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் போகலாமா, இல்லை கீழே சேலத்துக்கே போய்விடலாமா என்று வாரத்துக்கு ஒருத்தராவது என்னைக் கேட்கிறார்கள். குழந்தையின் தலை கீழ்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, பி.பி. சரி, சர்க்கரை இல்லை, முதல் பிரசவம் ஆபரேஷன் இல்லை என்றால் தாராளமாகப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மூத்தவன் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தான். சுகப்பிரசவம்தான். ஆனால் டிரிப்பில் என்ன மருந்து ஏறுகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அம்மாவை உள்ளே விடவில்லை, தையல் போடும்போதுதான் கீழே வெட்டியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிந்தது. மூன்று வாரம் உட்கார முடியவில்லை. எல்லோருக்கும் வழக்கமாக அந்த வெட்டு போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லியிருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இரண்டாவதற்கு இங்கே கர்ப்பத்தை அரசில் பதிவு செய்யும் பிக்மி நம்பர் போட்டுச் செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போக ஆரம்பித்தேன். மலைக் குளிரில் கை ஜில்லென்று இருக்குமே, அந்த சிஸ்டர் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வயிற்றில் கை வைப்பார். "இதோ முதுகு, இது கால், நீயே தொட்டுப் பாரு" என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.2 இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன் என்றேன், எதோடு சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலைக் காபியோடுதான்! காபி அந்த இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாதாம். காபித் தோட்டத்தில் இருப்பவளிடம் காபியை விட்டுவிடு என்று சொல்லவில்லை, மாத்திரையைக் காபிக்குப் பக்கத்தில் வைக்காதே, ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ கூடச் சாப்பிடு என்றார், அவ்வளவுதான். பிரசவ நேரத்தில் 10.8 ஆகியிருந்தது.

வலி வந்தது ராத்திரி பதினொரு மணிக்கு. அம்மா கூடவே இருந்தார். நடக்கச் சொன்னார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், சிஸ்டர் அரை மணிக்கொரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துச் சத்தத்தை எனக்கும் கேட்க வைத்தார். வலி தாங்காமல் நான் கத்தியபோது ஒரு சுடுசொல் இல்லை. விடிகாலையில் பெண் பிறந்தாள், 2.9 கிலோ. துடைத்து நேரே என் மார்பில் போட்டார்கள், தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டார்கள், தொடையில் போட்ட ஊசி ரத்தப்போக்கு அதிகமாகாமல் இருக்க என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். ஒரு தையல்கூட இல்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன், தனியாரில் மட்டும் பார்த்தால் 64. ஆபரேஷன் தேவைப்படுகிறவருக்கு அது உயிர் காக்கும், அதை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் லைன் வீட்டுப் பெண்ணுக்கு எட்டாம் மாதம் பி.பி. 150/100, யூரினில் உப்பு (அதாவது புரதம்) என்றதும் இதே சிஸ்டர்தான் ஒரு நிமிடம் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லி, போனில் ஜி.எச்.சுக்குத் தகவலும் கொடுத்து அனுப்பினார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய ஊரில் எப்போது அனுப்ப வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் முதலில் வேண்டும்.

என் நாத்தனார் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃப் என்றால் நர்ஸிங்குக்கு மேல் முதுகலையும் படித்து, சான்றிதழ் தேர்வும் எழுதியவர்கள். பிரசவத்தோடு நிற்காமல் கருத்தடை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, மாதவிடாய் நிற்கும் வயதுத் தொந்தரவு எல்லாம் அவர்களே பார்த்து மருந்தும் எழுதுகிறார்கள் என்றாள். இங்கேயும் 2018-ல் மத்திய அரசு நர்ஸ்களுக்குப் பதினெட்டு மாத மிட்வைஃபரி பயிற்சி என்று திட்டம் போட்டது. எங்கள் சிஸ்டர் அந்தப் பயிற்சிக்குப் போனவர் இல்லை, ஆனால் அவர் படித்த படிப்பின் பெயரிலேயே நர்ஸிங்கோடு மிட்வைஃபரியும் இருக்கிறது. மலைக்குத்தான் முதலில் அப்படிப் பயிற்சி பெற்றவர்களை அனுப்ப வேண்டும் என்பேன்.

குறை இருக்கிறது. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அம்மாதான் வெளியே நின்று பிடித்துக்கொண்டார். வெந்நீர் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ராத்திரியில் ஒரே சிஸ்டர், இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வலி வந்தால் அவர் என்ன செய்வார்? இன்னொருவரைப் போட்டே ஆக வேண்டும்.

பிரசவமான மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்த சிஸ்டர், அம்மாவுக்கு 52 வயது என்று தெரிந்ததும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டார். முப்பது வயதுக்கு மேல் எல்லோரும் எடுக்க வேண்டுமாம். அம்மா இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வெள்ளைப்படுதலை அன்றைக்கு அவரிடம் சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை டெஸ்ட், நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறேன்.