யூசுஃப்ரக்ட்: சீவிய உருத்தா, ஒற்றியா, குத்தகையா?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக மொழிபெயர்ப்பவர்களுக்கு எப்போதாவது ஒரு சொல் வந்து தடக்கும்: யூசுஃப்ரக்ட். ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் இதைக் கேட்கக் கிடைக்காது. சட்டப் புத்தகத்திலும் வழக்கறிஞர் கடிதத்திலும்தான் கண்ணில் படும். தமிழில் எதை எழுதுவது என்று வரும்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தவறானதை எழுதினால் காணி யாருடையது என்பதே மாறித் தெரியும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இலத்தீனில் பாவிப்பதற்கு ஒரு சொல், விளைபலனுக்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்து உண்டானது இது. இன்னொருவருக்குச் சொந்தமான பொருளைப் பாவிக்கலாம், பலனை எடுக்கலாம். ஆனால் மூலப்பொருளைக் கெடுக்கக் கூடாது. ஒல்லாந்தரோடு இலங்கைக்கு வந்த ரோமன்-டச்சுச் சட்டத்தில் இன்றைக்கும் இதற்கு இடம் உண்டு.

இதற்கு மிகக் கிட்ட நிற்பது நம் ஊர்ச் சீவிய உருத்து. மகளுக்கு வளவையும் வீட்டையும் உறுதி எழுதிக் கொடுக்கும் தாய், தன் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறார். அன்றிலிருந்து சொந்தக்காரி மகள்தான். ஆனால் தாய் கண்மூடும் வரை வீட்டில் இருப்பவர் அவர். தேங்காயும் மாங்காயும் அவருக்கு. ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்தால் அந்தக் காசும் அவருக்கு. பனங்காயைப் பொறுக்கலாம், ஓலையை வெட்டி வேலி அடைக்கலாம். பனையையே தறித்து மரமாக விற்கக் கேட்டால் அது வேறு கதை. பலன் வேறு, மூலம் வேறு என்ற அந்தப் பழைய வரம்பு வளவுக்குள் இறங்கும் இடம் அதுதான். அதேபோல, மகள் வளவை விற்றாலும் வாங்குகிறவர் தாயின் உருத்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அம்மா இருக்குமட்டும் இருக்கட்டும்" என்று பிள்ளைகள் வாயால் சொல்வது போதாது. அசையாச் சொத்தில் உரிமை உண்டாக்க, 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். உறுதியில் அந்த ஒரு வரி விடுபட்டால் தாய்க்குக் கையில் இருப்பது பிள்ளையின் நல்ல மனது மட்டுமே.

அடுத்தது ஒற்றி. குழப்பம் முழுக்க இதில்தான். 1707-இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, 1806-இல் பிரித்தானியர் சட்ட வலுக் கொடுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது. காசு கடன் கொடுத்தவர் காணியைத் தன் கையில் எடுத்து, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அனுபவிப்பார். கடன்பட்டவர் காசைக் கொடுத்து மீட்பார். இங்கேயும் அடுத்தவர் காணி, இங்கேயும் பலன். அதனால்தான் ஆங்கிலச் சட்ட நூல்கள் ஒற்றியை 'யூசுஃப்ரக்சுவரி மோர்ட்கேஜ்' என்கின்றன. ஆனால் அதில் கனமான சொல் மோர்ட்கேஜ், அதாவது ஈடு. முன்னால் இருப்பது வெறும் அடைமொழி. யூசுஃப்ரக்ட் என்ற பெயர்ச்சொல் தனியாக நின்றால் அது ஒற்றி ஆகாது.

பிரித்துப் பார்க்க நான் நம்பும் கேள்வி ஒன்றுதான்: உரிமைக்காரர் செத்துப்போனால் என்ன ஆகும்? சீவிய உருத்து அவரோடு முடிந்துவிடும். அவருடைய மற்றப் பிள்ளைகள் அதில் பங்கு கேட்க முடியாது. ஒற்றி பிடித்தவர் இறந்தாலோ, காசு திரும்பும் வரை அவருடைய வாரிசுகள் ஒற்றியைத் தொடரலாம். முன்னதை முடிப்பது மரணம், பின்னதை முடிப்பது காசு.

குத்தகை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அதற்குக் காசோ விளைச்சலில் பங்கோ கொடுக்கிறார், அது ஒப்பந்தம். யூசுஃப்ரக்ட் காணியிலேயே ஒட்டியிருக்கும் உரிமை. அந்தச் சொல்லுக்கு நேராகக் குத்தகை என்று எழுதவே வேண்டாம்.

அப்படியானால் எங்கும் சீவிய உருத்து என்றே போடலாமா? முடியாது. இந்த உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கவும் வழி உண்டு. அங்கே 'சீவிய' பொய்யாகிவிடும். அரசியல் எழுத்திலும் இச்சொல் வரும். 1789 செப்டம்பரில் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில் அமெரிக்க அரசியல் தலைவர் ஜெஃபர்சன், பூமி உயிரோடு இருப்பவர்களுக்கு இந்த உரிமையில்தான் சேரும் என்றார். போனவர்கள் பட்ட கடன் வருபவர்களைக் கட்டக்கூடாது என்பது அவர் வாதம். அங்கே 'பலனுரிமை' பொருந்தும். விளங்காத இடத்தில் 'பாவித்துப் பலன் எடுக்கும் உரிமை' என்று நீட்டி எழுதினாலும் குறையில்லை.

ஆங்கிலத்தில் அரிதான இந்தச் சொல்லின் பிரெஞ்சு வடிவம் பிரான்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. அங்கே கணவன் இறந்து, பிள்ளைகள் எல்லோரும் இருவருக்கும் பிறந்தவர்களாக இருந்தால், சொத்து முழுவதிலும் இந்த உரிமையையோ கால் பங்கை முழுச் சொந்தமாகவோ மனைவி தெரிவு செய்யலாம். பாரிசிலிருந்து அப்படியொரு கடிதம் வந்தால் சீவிய உருத்து என்று மாற்றுங்கள். யாழ்ப்பாணத்தில் எந்தத் தாய்க்கும் அது உடனே விளங்கும். ஒற்றி என்று எழுதினால், செத்தவர் யாரிடம் கடன்பட்டார் என்ற கேள்விதான் முதலில் வரும்.