கட்டியை அளந்து விளக்கிய ஸ்கேன் மையம்

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் இருக்கும் இந்த மையத்தைத் தைராய்டு நோயாளிகளுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

காங்கேயத்தில் நாங்கள் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். 1912-இல் இதை முதன்முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டதும் வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தேன். "பல கட்டிகள் தெரிகின்றன, மருத்துவரை அணுகவும்" என்பதோடு அறிக்கை முடிந்துவிட்டது. எது எவ்வளவு பெரியது, ஓரம் எப்படி என்று ஒன்றும் இல்லை. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லாமல் போக அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. என் அம்மாயிக்குக் கழலை இருந்ததையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஸ்கேன் மருத்துவரே கருவியைப் பிடித்துப் பார்க்கிறார். "கழுத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள் அம்மணி" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு இடத்தையும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்த்தார். முந்தைய அறிக்கையில் கட்டி என்று எழுதியிருந்த ஓர் இடம், கருவியைத் திருப்பியதும் உருவமே இல்லாமல் கலைந்துபோனது. ஹாஷிமோட்டோ உள்ளவர்களின் தைராய்டு அழற்சியால் திட்டுத்திட்டாகத் தெரியும், அது கட்டி போலத் தோன்றும் என்று திரையைக் காட்டியே விளக்கினார்.

உண்மையான கட்டி ஒன்றுதான்: 1.7 செ.மீ., கெட்டியானது, திரையில் சுற்றியுள்ள பகுதியைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. ஓரம் ஒழுங்காக இருந்தது, சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. கட்டி புற்றுநோயாக இருக்க எவ்வளவு சந்தேகம் என்று சொல்லும் 'டிராட்ஸ்' என்ற ஐந்து படி அளவுகோலில் நான்காம் படி. அந்தப் படியில் 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசியால் செல் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அறிக்கையிலும் இதெல்லாம் அப்படியே இருந்தது.

ஊசியை அங்கேயே போட்டார்கள். மெல்லிய ஊசிதான். விழுங்காதீர்கள், பேசாதீர்கள் என்றார்கள், அவ்வளவே. எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்பி, சிலவற்றைக் காற்றில் உலர்த்தி, சிலவற்றை உடனே ஆல்கஹால் ஜாடியில் போட்டார்கள். செல் நிபுணர் ஒரு தகட்டை நுண்ணோக்கியில் பார்த்து, போதுமான செல்கள் கிடைத்துவிட்டன என்று சொன்ன பிறகுதான் என்னை எழுந்திருக்கச் சொன்னார்கள். செல் போதாமல் மறுபடி வரவழைக்கிற இழுபறி இங்கே இல்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

"இந்த நோய் இருந்தால் புற்றுநோய் வருமா?" என்று கேட்டேன். ஸ்கேன் மருத்துவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். அறுவை செய்து எடுத்த தைராய்டுகளில் பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்றும் ஹாஷிமோட்டோவும் சேர்ந்திருப்பது அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் அறுவைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே சந்தேகத்தின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஊசிப் பரிசோதனைகளை வைத்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு அவ்வளவு வலுவாகத் தெரிவதில்லை. அரிதாக வரும் தைராய்டு லிம்போமா என்ற இன்னொரு வகைப் புற்றுக்குத்தான் ஹாஷிமோட்டோவுடன் தெளிவான தொடர்பு உண்டு. அதனால் கழுத்து திடீரென்று வேகமாக வீங்கினாலோ குரல் கரகரத்தாலோ உடனே வர வேண்டும் என்றார். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

என் ஊசிப் பரிசோதனை முடிவு, செல்களை வகைப்படுத்தும் பெத்தெஸ்டா முறையில் இரண்டாம் வகை: புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி, கூடவே ஹாஷிமோட்டோ அழற்சி. ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடம் நெரிசல். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் நின்றபடியே இருக்கிறார்கள், இதை அவசியம் சரிசெய்ய வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுக் காலையில் போவது நல்லது. பழைய ஸ்கேன் படங்களை எடுத்துப்போங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.