மணலுக்கு என்று சொல்லி விற்கும் டென்ட் முளை: ராமநாதபுரம் பக்கம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

டென்ட் வாங்கி நம் கடற்கரைப் பக்கம் அடிக்க நினைப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ராமநாதபுரம் டவுனில் ஒரு கடையில் "மணலுக்குன்னே வந்த அலுமினிய பெக்" (டென்ட் கயிற்றைக் கட்டி நிறுத்தத் தரையில் அடிக்கும் முளை) என்று சொல்லி என் தலையில் கட்டியது மணலுக்கும் ஆகாது, அலுமினியமும் கிடையாது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் அதே பாக்கெட் வேறு கடைகளிலும் தொங்குவதைப் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்டதைத் தெளிவாகவே கேட்டேன். "அண்ணே, அரியமான் தாண்டி மச்சான் தோப்பு கடலை ஒட்டி இருக்கு, வெறும் மணல், கச்சான் வேற அடிக்குது, அதுக்குத் தாங்குற மாதிரி குடுங்க" என்றேன். கச்சான் என்பது ஆடியில் அடிக்கும் தென்மேற்குக் காற்று. "இது பீச் ஸ்பெஷல் தம்பி, தனுஷ்கோடியிலயே அடிச்சுப் படுக்கலாம், அசையாது" என்றார். பொழுது சாய்ந்தால் தனுஷ்கோடியில் யாரையும் இருக்க விடுவதில்லை என்பது இந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்? வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இதையே சொல்லித்தான் விற்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. எட்டு முளைக்கு 960 ரூபாய். பில் வேண்டும் என்று நின்றுதான் வாங்கினேன், வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார்.

ஆடிக் காற்று எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காலத்தில் அரியமான் பக்கம் பாக் ஜலசந்தி குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும், வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள், ஆனால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அதாவது டென்ட் பிய்த்துக்கொண்டால் நேராகத் தண்ணீருக்குத்தான் போகும். அன்று ராத்திரி அதுதான் நடந்தது. சாயங்காலம் அடித்தபோது காற்று மிதமாக இருந்தது, கயிற்றை இழுத்துப் பார்த்ததற்கும் நின்றது. சாப்பாட்டு நேரத்துக்குக் காற்று ஏறியது. தெற்குப் பக்கத்து முளை ஒன்று சத்தமில்லாமல் உருவிக்கொண்டது, உடனே அதன் பாரம் பக்கத்து முளைக்குப் போக அதுவும் வந்துவிட்டது, அப்புறம் வரிசையாக எல்லாம். உள்ளே தூங்கிய அக்கா மகனை மச்சான் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார், டென்ட் பாயோடு பையோடு கிளம்பி மணலில் புரண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அதைப் பிடிக்க ஓடினபோது கயிற்று நுனியில் ஆடிய முளை சுழன்று வந்து மச்சான் புருவத்துக்கு மேலே கிழித்தது. தையல் போட்டார்கள். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இது 960 ரூபாய் விவகாரம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

காலையில் கிடைத்த முளைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தலைப்பக்கம் கொக்கியாக வளைத்த உருண்டைக் கம்பி, சைக்கிள் ஆரக்கம்பியை விடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் நீளம்கூட முழுசாக இல்லை. கொக்கி வளைவில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, அடியில் கறுப்பாக இரும்பு தெரிந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் காட்டினேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. அந்த வாரம் முடிவதற்குள் உப்புக் காற்றில் பூச்சு போன இடமெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் விரலில் செம்மண் கறை போல ஒட்டியது. பாக்கெட் அட்டையில் தயாரித்தவர் பெயர், முகவரி, விலை எதுவுமே இல்லை. அடைத்து விற்கும் பொருளில் இதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்த மெல்லிய கொக்கிக் கம்பி தோட்டத்து மண்ணில், புல் தரையில் நிற்கும், குறை சொல்ல மாட்டேன். காய்ந்த மணல் வேறு. அதில் துகளுக்குத் துகள் பிடிப்பே கிடையாது, முளையைச் சுற்றியும் மேலேயும் அழுத்தும் மணல்தான் அதை நிறுத்த வேண்டும். மெலிந்த கம்பி அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மணலுக்கு என்று உண்மையிலேயே செய்த முளை அகலமானது, ஓடு மாதிரி குழிந்து, நடுவில் ஓட்டைகளோடு இருக்கும், நீளம் ஓரடிக்குக் குறையக் கூடாது. அடிக்கும்போது தலை டென்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்து, கயிற்றுக்குக் கிட்டத்தட்ட செங்கோணத்தில் நிற்க வேண்டும், கயிற்றை நீளமாக விட்டால் மேல்நோக்கி இழுக்கும் இழுப்பு குறையும். இன்னொன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் நின்ற முளை 40-இல் நிற்கும் என்று எந்தக் கடைக்காரர் வாயால் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அதைவிட நல்ல வழியை மறுநாள் தோப்புக்கு வந்த ஒரு மீன்பிடிப் பெரியவர் காட்டினார். "மணல்ல குத்துனா நிக்காது தம்பி, பொதைக்கணும்" என்றவர், காலி உரச்சாக்கில் பாதிக்கு மணலை அள்ளி, வாயைக் கட்டி, சாக்கின் இடுப்பில் கயிற்றைச் சுற்றினார். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிறு வெளியே வரச் சரிவாக ஒரு வாய்க்கால் கீறி, சாக்கை இறக்கி மூடி மிதித்தார். நானும் மச்சானும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. சாக்கு இல்லையென்றால் பனைமட்டையைத் துண்டாக்கி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, இழுப்புக்குக் குறுக்காகப் படுக்க வைத்துப் புதைத்தாலும் போதும் என்றார். காசு செலவே கிடையாது. காற்று வரும் பக்கத்துக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள். அலை நனைக்கும் இடத்துக்குப் போய்விடாதீர்கள். லேசான ஈரம் மணலை இறுக்கும், தண்ணீர் ஊறி நின்றால் குழைந்து விட்டுவிடும்.

நம் கடற்கரை முழுக்க ஒரே தரை என்றும் நினைக்க வேண்டாம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சில இடங்களில் மேலே ஒரு சாண் மணல் இருக்கும், கீழே பவளக்கல் தட்டும். அகல முளை அங்கே இறங்காது, சுத்தியலால் அடித்தால் மடங்கிவிடும். கனமான இரும்பு ஆணி முளை வேண்டும், இல்லையென்றால் கல்லிலேயே கயிற்றைச் சுற்றிக் கட்ட வேண்டும். வாலிநோக்கம் பக்கத்து உப்பள நிலம் மேலே காய்ந்து ஏடு கட்டியிருக்கும், அடியில் களி. கோடையில் நன்றாகப் பிடிக்கும், ஐப்பசி மழையில் அதே முளை ஊறித் தளர்ந்துவிடும், அந்த மாதிரி இடத்தில் மூன்று விளிம்பு வைத்த நீள முளைதான் தேறும், அதையும் மழை விட்டதும் ஒரு தரம் அடித்து இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் முளை நம் வெயிலில் நொறுங்கிப்போகும், காசைக் கொடுக்காதீர்கள்.

சரி, கடைக்காரர் விஷயம். முளைகளையும் பில்லையும் கொண்டுபோய் வைத்தேன். "அடிச்ச விதம் சரியில்ல தம்பி" என்றார். காந்தத்தை ஒட்டிக் காட்டியதும் "கம்பெனிக்காரன் அப்படித்தான் அனுப்புறான், வித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் நெற்றியில் கட்டோடு பக்கத்தில் நிற்கிறார், ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதில்தான் சேரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

இதே கொக்கிக் கம்பியை மணலுக்கு என்று வாங்கி வைத்திருப்பவர்கள் பாக்கெட் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பில்லையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் அழிந்துவிடுகிறது. இனிமேல் வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் முன்னாலேயே ஒட்டிப் பாருங்கள், "மணலுக்கான அலுமினிய முளை" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.