குலுக்கலா, திறந்த கூட்டமா, வட்டமேசையா: புதிய தொழில்நுட்பம் பற்றி மக்களிடம் எப்படிக் கேட்பது?

மரபணு மாற்றப் பயிர், அணு உலை, முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று எது வந்தாலும், "மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டோம்" என்று அரசுகள் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் கேட்கும் முறைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. முறை மாறினால் பதிலும் மாறும். பிரிட்டனில் ஒரே கோடையில் இதைப் பார்க்க முடிந்தது.

2003-இல் அங்கே மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றி நாடு தழுவிய விவாதம் நடந்தது. 600-க்கும் மேற்பட்ட கூட்டங்கள், சுமார் 37,000 படிவங்கள். பெரும்பாலானவற்றில் கடும் எதிர்ப்பு. கூட்டத்துக்குத் தானாக வருகிறவர் ஏற்கெனவே ஒரு முடிவோடு வருகிறவர் அல்லவா என்ற சந்தேகம் இருந்ததால், 77 பேரைத் தனியாகத் தேர்ந்தெடுத்துச் சிறு குழுக்களில் பேச வைத்தார்கள். இவர்கள் தொடக்கத்தில் அவ்வளவு உறுதியான எதிர்ப்பாளர்கள் இல்லை. தகவல் சேரச் சேர, மருத்துவம் போன்ற சில பயன்களை ஒப்புக்கொண்டார்கள். அதே சமயம் ஆபத்து பற்றிய சந்தேகம் அவர்களுக்கும் இறுகியது. 37,000 படிவங்கள் சொன்னது 'வேண்டாம்'. 77 பேர் சொன்னது 'எதற்கு, யாருக்கு, எந்த நிபந்தனையில்'. கொள்கை எழுதுகிறவருக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

அதற்காகத் திறந்த கருத்துக்கேட்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. 2009 அக்டோபரில் மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய்க்கு இந்தியாவின் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியபின், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டம் நடத்தினார். கூச்சலும் கோஷமும் இருந்தன. ஆனாலும் 2010 பிப்ரவரி 9 அன்று அனுமதியை நிறுத்திவைத்தபோது, எந்த வாதத்தை ஏற்றேன், ஏன் ஏற்றேன் என்று விரிவான குறிப்பை வெளியிட்டார். திறந்த கூட்டங்களுக்குப் பிறகு இப்படிப்பட்ட பதில் கிடைப்பது அபூர்வம்.

இணையத்தில் கருத்துக் கேட்பதும் திறந்த கூட்டத்தின் இன்னொரு வடிவம்தான், கூச்சலுக்குப் பதில் நகல் மின்னஞ்சல். 2015-இல் இணையச் சமத்துவம் (எல்லா இணையச் சேவைகளையும் ஒரே மாதிரி நடத்துவது) பற்றி இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மடல்கள் குவிந்தன. அதே ஆண்டு இறுதியில் இணையச் சேவைக்குச் சேவை கட்டணம் வேறுபடலாமா என்று கேட்டபோது, ஃபேஸ்புக் தன் பயனர்களைக் கொண்டு ஒரே வார்ப்பில் மடல்களை அனுப்ப வைத்தது. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதிலே இல்லை என்று டிராய் சொல்லிவிட்டது. தைவான் இதற்கு ஒரு நல்ல மாற்றைக் கண்டது. 2015-இல் ஊபர் பிரச்சினையை விவாதிக்க அங்கே பயன்படுத்திய போலிஸ் (Pol.is) என்ற மென்பொருளில், அடுத்தவர் கூற்றை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதிலுக்குப் பதில் எழுத மட்டும் வழியில்லை. சண்டை வளராது, எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்பது மேலே மிதந்து வரும். காப்பீடு வேண்டும் என்பது போன்ற பொதுக் கருத்துகள் அப்படித்தான் வந்தன. பிரச்சினைகளைத் திரட்ட அருமையான கருவி, தீர்ப்புச் சொல்ல அல்ல.

இனி குலுக்கல், அதாவது சாதாரண மக்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த ஒரு குழுவிடம் கேட்பது. இதிலேயே இரண்டு வகை.

டென்மார்க் முறை 1987-இல் தொடங்கியது. பதினான்கு முதல் பதினாறு சாதாரணக் குடிமக்கள். தயாரிப்புக்கு இரண்டு வார இறுதிகள். அப்புறம் நிபுணர்களை நேருக்கு நேர் விசாரிக்கும் சில நாள் மாநாடு. கேள்விகளை எழுதுவது மக்கள். எந்த நிபுணரை அழைப்பது என்பதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. அறிக்கையை எழுதுவதும் அவர்களே. தகவல் பிழையைத் திருத்துவதைத் தவிர நிபுணருக்கு அங்கே வேலையில்லை. உணவைக் கதிர்வீச்சால் பதப்படுத்துவதை உலர்ந்த மசாலாப் பொருள்களோடு நிறுத்திக்கொள்ள நாடாளுமன்றம் முடிவெடுத்ததில் இப்படி ஒரு மாநாட்டுக்குப் பங்குண்டு.

தென்கொரியா முறை பெரியது. 2017-இல் ஷின் கோரி 5, 6 அணு உலைகளின் கட்டுமானத்தை மூன்று மாதம் நிறுத்திவிட்டு, மக்கள்தொகையின் சாயலில் தேர்ந்தெடுத்த குடிமக்களிடம் முடிவைக் கேட்டார்கள். இறுதிவரை இருந்த 471 பேரில் 59.5 சதவீதம் 'கட்டி முடியுங்கள்' என்றனர். அதே கூட்டத்தில் 53.2 சதவீதம், அணுமின்சாரத்தின் பங்கைக் காலப்போக்கில் குறைக்க வேண்டும் என்றனர். முரண்பாடு போலத் தோன்றும். எனக்கு இது நிதானமான பதிலாகவே படுகிறது. கட்டுமானத்தை நிறுத்துவதாகச் சொல்லித் தேர்தலில் வென்ற மூன் ஜே-இன், முன்பே சொன்னபடி முடிவை ஏற்றுக்கொண்டார்.

ஆம் அல்லது இல்லை என்று முடிக்க வேண்டிய கேள்விக்குக் கொரியா முறை. கேள்வியே இன்னும் உருவாகாத ஆரம்பக் கட்டத்தில் டென்மார்க் முறை. பதினைந்து பேரின் வாக்கை எண்ணி முடிவு கட்டுவது சரியல்ல. 471 பேரைச் சேர்ந்து அறிக்கை எழுதச் சொல்லவும் முடியாது.

வட்டமேசை முறையில் நிறுவனம், விவசாயி, நோயாளிகள் சங்கம், தொழிற்சங்கம் போன்ற தரப்பினர் உட்காருவார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக 1972 முதல் 1995 வரை இயங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் ஆய்வுக்கு ஆய்வு இப்படி ஆலோசனைக் குழு அமைத்தது. நடைமுறைச் சிக்கல்கள் வெளியே வருவது இங்கேதான். ஆனால் லாப நட்டம் உள்ளவர் 'இது தேவையா' என்ற கேள்விக்கு நடுநிலையாகப் பதில் சொல்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கே அநியாயம். தரப்பினரையும் குலுக்கலில் வந்தவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால், பேசிப் பழகியவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். தரப்பினர் சாட்சி சொல்லட்டும், தீர்ப்பைக் குலுக்கல் குழு எழுதட்டும் என்பதே என் கட்சி.

எந்த முறையும் தாமதமாக வந்தால் கவிழும். 2009 அக்டோபர் முதல் 2010 பிப்ரவரி வரை பிரான்ஸ் நானோ தொழில்நுட்பம் பற்றி நகரம் நகரமாக விவாதம் நடத்தியது. பணம் ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது, இப்போது எங்கள் தலையாட்டல் மட்டும் வேண்டுமா என்று எதிர்ப்பாளர்கள் கூட்டங்களை முடக்கினார்கள். முடக்கியதை ஆதரிக்கவில்லை, கேள்வியில் நியாயம் இருந்தது.

குலுக்கலுக்கும் ஒரு குறை உண்டு. நாடு முழுவதிலிருந்தும் 471 பேரை எடுத்தால், உலைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் அதில் ஓரிருவருக்கு மேல் வரமாட்டார்கள். அதிகம் பாதிக்கப்படுகிறவருக்கு வாக்கில் எடை கூட்டினால் குலுக்கலின் நடுநிலை போய்விடும். எனவே அவர்களுக்குச் சாட்சி சொல்லத் தனி நேரமும், அவர்கள் சொன்னதற்கு எழுத்தில் பதிலும் கொடுக்கலாம். இழப்பீடு, பாதுகாப்பு நிபந்தனைகள் ஆகியவற்றை அவர்களோடு தனியே பேசி முடிக்க வேண்டும், அதுவும் குழு கூடுவதற்கு முன்பே.