இருமொழி அரசமைப்புச் சட்டப் புத்தகம்: ஏழாம் அட்டவணைக்காகவே வாங்கலாம், ஆனால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்

சட்டக் கல்லூரி மாணவர்கள் கையில் வைத்திருப்பார்களே, ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தமிழுமாக அச்சிட்ட இந்திய அரசமைப்புச் சட்டம், அதைப் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். விளக்கவுரை கிடையாது, வெறும் சட்ட வாசகம் மட்டும். நான் வக்கீல் இல்லை, போட்டித் தேர்வும் எழுதவில்லை. "இது மாநில அதிகாரம்", "இல்லை, மத்திய அரசின் அதிகாரம்" என்று தினமும் நடக்கிற சண்டையில் சட்டம் என்னதான் சொல்கிறது என்று நானே பார்க்க ஆசைப்பட்டேன். அந்த வேலைக்கு இது அருமையான புத்தகம்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், பாதியில் விட்டுவிடுவீர்கள். நேராகப் பின்னால் போய் ஏழாம் அட்டவணையைத் திறங்கள். எந்த விஷயத்தில் யார் சட்டம் இயற்றலாம் என்று பிரித்துக் காட்டும், 246ஆவது பிரிவு சொல்கிற மூன்று பட்டியல்களும் அங்கேதான் இருக்கின்றன. 1950இல் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, இரண்டு அரசுகளுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 47 இனங்கள் (வரிசை எண்ணிட்ட தலைப்புகள்) இருந்தன. மாநிலப் பட்டியலை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வாருங்கள்: 1 பொது ஒழுங்கு, 2 காவல், 6 பொதுச் சுகாதாரம், 8 மதுபானம்... 11க்கு வந்தால் அங்கே 'நீக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும். அடிக்குறிப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், 3-1-1977 முதல் என்று போட்டிருக்கும். அங்கே இருந்தது கல்வி. 19இல் இருந்த காடுகள், 20இல் இருந்த வனவிலங்குப் பாதுகாப்பு, 29இல் இருந்த எடையும் அளவும், எல்லாமே அதே திருத்தத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், பொதுப் பட்டியலுக்குப் போயின. கல்வி இப்போது பொதுப் பட்டியலில் 25ஆவது இனம், அதுவும் ஒன்றியப் பட்டியலின் 63 முதல் 66 வரையுள்ள இனங்களுக்கு (உயர்கல்வியின் தரத்தை வகுப்பது போன்றவை) உட்பட்டதுதான் என்று அந்த வரியிலேயே எழுதியிருக்கிறது. நீட் பற்றி எத்தனையோ விவாதம் கேட்டிருப்போம், அந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் எனக்குச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது.

மாநிலப் பட்டியலில் 54ஐயும் பாருங்கள். பெட்ரோல், டீசல், மதுபானம் இவற்றின் விற்பனை மீதான வரியை மாநிலங்களிடம் விட்டுவைத்திருப்பது அங்கேதான் தெரியும். ஜி.எஸ்.டி. கொண்டுவந்த 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தம் அந்த இனத்தை மாற்றி எழுதியது, நுழைவு வரிக்கான 52ஐ அடியோடு எடுத்துவிட்டது.

அப்புறம் 254ஆவது பிரிவு. பொதுப் பட்டியல் விஷயத்தில் மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் மோதினால் நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும், ஆனால் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தால் அந்த மாநிலத்தில் அதுவே செல்லும். ஜல்லிக்கட்டு இந்த வழியில்தான் பிழைத்தது. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் 17ஆவது இனம். 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மெரினாவில் கூடிய கூட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, இந்தப் பிரிவையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

200ஆவது பிரிவைக் கட்டாயம் படியுங்கள், அரைப் பக்கம்கூட வராது. மசோதா வந்தால் ஆளுநர் என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று மட்டும் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில், ஆளுநரிடம் கிடப்பில் இருந்த தமிழ்நாட்டு மசோதாக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கால வரம்பு வைத்ததும், அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படி வரம்பு வைக்க முடியாது, ஆனால் ஆளுநர் முடிவில்லாமல் கிடப்பில் போடவும் முடியாது என்று கருத்துச் சொன்னதும், இந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான். என்னைக் கேட்டால், திருத்த வேண்டிய இடம் இந்தப் பிரிவுதான், அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்.

211, 212 இரண்டையும் சேர்த்துப் படித்தால் இன்னொரு விஷயம் புரியும். நீதிபதிகள் கடமையாற்றும் விதத்தைச் சட்டமன்றம் விவாதிக்கக் கூடாது, நடைமுறைக் குறைபாட்டைக் காட்டிச் சட்டமன்ற நடவடிக்கையை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது. நாடாளுமன்றத்துக்கு இதே ஏற்பாடு 121, 122இல்.

சரி, குறைகள். நான் வாங்கிய பதிப்பில் அடிக்குறிப்புகள் ஆங்கிலப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கின்றன, அதுவும் பொடி எழுத்தில். தமிழ்ப் பக்கத்தை மட்டும் படிக்கிறவருக்கு 11 ஏன் காலியாக இருக்கிறது என்று தெரியவே தெரியாது. இது சின்னக் குறை இல்லை, தமிழில் படிக்க விரும்புகிறவரை நம்பித்தானே இந்தப் புத்தகத்தையே போடுகிறார்கள்? அட்டையில் 'புதிய பதிப்பு' என்று இருந்தும், பெண்களுக்கு இடஒதுக்கீடு தரும் 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தம் உள்ளே இல்லை. கடையிலேயே அந்தத் திருத்தம் சேர்த்த 330ஏ பிரிவு இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், இல்லையென்றால் வேறு பதிப்பு கேளுங்கள். தாள் பரவாயில்லை, தையல் உறுதியாக இருக்கிறது.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஒன்றியச் சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் ஆங்கில வாசகம் அடிக்குறிப்புகளோடு பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கிறது. நான் இப்போது புத்தகத்தின் தமிழ்ப் பக்கத்தையும் கைபேசியில் அந்த பி.டி.எஃப்.ஐயும் சேர்த்து வைத்துத்தான் படிக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம், தமிழ்ப் பக்கத்திலும் அடிக்குறிப்பு வந்தால் தயங்காமல் ஐந்தும் தருவேன்.