பின்-க்யூவா, ஐஎஸ்ஓவா, சிஎச்டியா? உப்புக்காற்றுக்கு நடுவே ஓர் ஒப்பீடு

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியறை ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் வர்ணம் அடிக்காவிட்டால் துரு செதில் செதிலாக உரியும். அதே அறையின் மர அலமாரியில்தான் என் பிளேஸ்டேஷன் விளையாட்டு சிடிக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தன. வாப்பா துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கோடாலித் தைலத்துக்கும் பால்மாவுக்கும் இடையே இரண்டு மூன்று சிடிக்களும் வரும். போன ஆண்டு வாடைக்காற்று ஓய்ந்த பிறகு எல்லாவற்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டில் ஊசி குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாக ஒளி தெரிந்தது. சிடியின் அலுமினியப் படலத்துக்கு மேலே காவலாக இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. அதில் கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே போகும், அலுமினியம் அரிக்கும். நகல் எடுக்காமல் இனித் தள்ளிப்போட முடியாது என்று அன்று தெரிந்தது.

நகல் எடுப்பது கடினமில்லை. பிளேஸ்டேஷன் 1, 2 தகடுகளைச் சாதாரணக் கணினியின் டிவிடி டிரைவே படித்துவிடும். பின்-க்யூ, ஐஎஸ்ஓ, சிஎச்டி என்ற மூன்றில் எந்தக் கோப்பு வடிவத்தில் வைப்பது என்பதில்தான் தகராறு. மண்டபத்தில் இருக்கும் மச்சான் எனக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டார். "எல்லாம் ஐஎஸ்ஓ, ஒரு விளையாட்டுக்கு ஒரு கோப்பு, வேலை முடிந்தது" என்றார். அவர் வீட்டுக்குப் போய்க் கார்ப் பந்தயம் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். கார் ஓடியது, எஞ்சின் உறுமியது, பாட்டு மட்டும் வரவில்லை. சிறு வயதில் நாங்கள் அந்த விளையாட்டை வைத்ததே அதன் பாட்டுக்காகத்தான்.

பாட்டு எங்கே போனது? சிடி நொடிக்கு 75 துண்டுகளாகத் தகவலைத் தருகிறது. ஒவ்வொரு துண்டும் 2352 பைட். ஐஎஸ்ஓ அதில் 2048 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பிழைதிருத்தக் குறிகளையும் தலைப்புப் பகுதியையும் விட்டுவிடும். 74 நிமிட சிடி முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 78 கோடி பைட்டுக்குப் பதிலாக 68 கோடிதான் கிடைக்கும். விட்டது வெறும் உறை என்றால் கவலையில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 1 சிடிக்கள் பலவற்றில் முதல் தடத்தில் விளையாட்டும், அடுத்த தடங்களில் சாதாரண ஆடியோ சிடியைப் போலப் பாடல்களும் இருக்கும். ஐஎஸ்ஓவுக்கு அந்தப் பாடல் தடங்கள் இருப்பதே தெரியாது. இடையிடையே வரும் காட்சிகளின் ஒலியும் படமும் 2324 பைட் கொண்ட வேறு வகைத் துண்டுகளில் இருக்கும். அவற்றையும் 2048-க்குள் திணித்தால் வால் அறுந்துவிடும். எனவே பிளேஸ்டேஷன் 1-க்கு ஐஎஸ்ஓ கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பின்-க்யூ இந்தத் தவறைச் செய்யாது. பின் கோப்பில் 2352 பைட்டும் அப்படியே இருக்கும். எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்பதை க்யூ என்ற சிறிய எழுத்துக் கோப்பு சொல்லும். ரீடம்ப் என்ற தன்னார்வத் திட்டம் உலகெங்கும் உள்ள தகடுகளின் சரிபார்ப்பு எண்களை (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும், கோப்பின் கைரேகை போன்றவை) தொகுத்து வைத்திருப்பதும் இந்த வடிவத்தில்தான். நம் நகலின் எண் அதனுடன் பொருந்தினால், கீறல் விழுந்த சிடியிலிருந்து எடுத்தது என்றாலும் ஒரு பைட்கூடப் பிசகவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். குறை என்னவென்றால் கோப்புகள் குவிந்துவிடும். இருபது பாடல் உள்ள விளையாட்டுக்கு இருபத்தொரு பின், ஒரு க்யூ. பின் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் க்யூ பழைய பெயரையே தேடிக்கொண்டு நிற்கும். பென்டிரைவில் மாற்றும்போது ஏழாவது தடம் விடுபட்டது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சிஎச்டி இந்த இடத்தில்தான் முந்துகிறது. ஆர்கேட் இயந்திரங்களைக் கணினியில் உயிர்ப்பிக்கும் மேம் திட்டத்துக்காக உருவானது அது. தடங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கி, பாடல்களை ஃபிளாக் முறையிலும் மற்றதை வேறு முறைகளிலும் சுருக்கும், எதையும் இழக்காது. கோப்புக்குள்ளேயே ஷா-1 சரிபார்ப்பு எண் இருப்பதால், கெட்டுப்போயிருந்தால் சிஎச்டி செய்ய உதவும் சிஎச்டிமேன் என்ற மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஊரில் சுருக்கிப் பாதுகாப்பது என்றால் உடனே கருவாடு நினைவுக்கு வரும். அந்த உவமை இங்கே செல்லாது. கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் மீன் திரும்ப வராது. சிஎச்டியை விரித்தால் பழைய தரவு முழுவதும் திரும்ப வரும். எனக்கு இந்தத் திரும்பி வரும் குணம்தான் முக்கியம். நாளைக்கு இதைவிட நல்ல வடிவம் வந்தால் நட்டமில்லாமல் மாறிக்கொள்ளலாம்.

ஒரு சிறு கோணல் உண்டு. வழக்கமான முறையில் விரித்தால் பல பின் கோப்புகள் ஒரே பின்னாக ஒட்டிக்கொண்டு வரும். அதன் எண்ணை ரீடம்ப் பட்டியலோடு நேரடியாக ஒப்பிட முடியாது. அதனால் சுருக்கும் முன்பே ஒவ்வொரு தடத்தின் எண்ணையும் ஓர் எழுத்துக் கோப்பில் குறித்துவைக்கிறேன். இன்னொன்று, துபாய்ச் சரக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. வாப்பா கொண்டுவந்தவை பிஏஎல் என்ற டி.வி. முறைக்கான சிடிக்கள். அவ்வகைப் பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற பூட்டு உண்டு. அதன் சாவி 2352 பைட்டுக்கும் வெளியே, துணைத் தடத்தில் ஒளிந்திருக்கும். பின்-க்யூவும் அதை எடுக்காது, அதிலிருந்து செய்த சிஎச்டியும் எடுக்காது. எஸ்பிஐ என்ற சிறு கோப்பைத் தனியாக உடன் வைக்காவிட்டால் விளையாட்டு தொடங்கும், பாதியில் மக்கர் செய்யும்.

பிளேஸ்டேஷன் 2-வில் தீர்ப்பு தலைகீழாகிறது. அதன் விளையாட்டுகளில் பெரும்பாலானவை டிவிடி. டிவிடியில் ஒரு துண்டு என்பதே 2048 பைட். பாடல் தடம் கிடையாது. ஆகவே அங்கே ஐஎஸ்ஓ முழுமையான நகல்தான். அடிப்பக்கம் நீலமாக இருந்தால் அது சிடி, பழைய விதியே பொருந்தும். வெள்ளியாக இருந்தால் தயங்காமல் ஐஎஸ்ஓ. மச்சானின் டிவிடிக்கள் அத்தனையும் சரியாக இருந்ததற்கு அவருடைய அறிவு காரணமல்ல என்பதை மரியாதைக்காக அவரிடம் சொல்லவில்லை.

டி.வி. கேம் கார்ட்ரிட்ஜ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கருவிக்கான கோப்பின் தலையில் 16 பைட் குறிப்பு இருக்கும், உள்ளே எந்த வகைச் சுற்று என்று அது சொல்லும். "9999 விளையாட்டுகள்" என்று அச்சடித்த மஞ்சள் கார்ட்ரிட்ஜில் அதிகம் போனால் பத்து விளையாட்டுகள்தான் வேறு வேறு.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(ஏஏ) பிரிவு, நியாயமாக வாங்கிய கணினி நிரலுக்கு இழப்பிலிருந்து காத்துக்கொள்ள நகல் எடுக்க இடம் தருகிறது. காகித உறையில் விற்ற திருட்டு எழுதுசிடிக்களுக்கு அந்த நிழல் கிடையாது. சாயப் படலத்தில் எழுதியவை என்பதால் அவை எப்படியும் முதலில் கெட்டுவிட்டன.

இதுவரை பேசியது சுலபமான காலம். தகட்டில் இருப்பதுதான் விளையாட்டு. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 வந்த பிறகு தகட்டில் பாதி, இணையம் வழி வரும் புதுப்பிப்பில் மீதி என்றாகிவிட்டது. நிறுவனத்தின் இணையக் கடை மூடினால் மீதிப் பாதி யார் கையில்? நின்டெண்டோவின் வீ கருவிக்கான கடை 2019 ஜனவரியில் மூடியது, அதன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான கடையில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றது, எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில் மூடியது. 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கும் கேம்-கீ கார்டில் விளையாட்டே இருக்காது, பதிவிறக்க அனுமதி மட்டும்தான். அதைவிட எங்கள் மஞ்சள் கார்ட்ரிட்ஜ் நேர்மையானது. பத்து விளையாட்டாவது உள்ளே இருக்கிறது.

ஆனாலும் புதுப்பிப்பை முழுவதும் வில்லனாக்க முடியவில்லை. 2010 ஏப்ரலில் வந்த 3.21 புதுப்பிப்பு, பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் வசதியைப் பறித்தது. நேர்மாறாக, பிளேஸ்டேஷன் 4-இன் உள்கடிகார பேட்டரி செத்து, இணைப்பும் இல்லாவிட்டால் விளையாட்டுகள் ஓடாது என்ற ஆபத்து இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அதை நீக்கியது. பேட்டரி முனையில் பச்சை பூக்கும் எங்கள் கரைக்கு அந்த ஒரு புதுப்பிப்பு பெரிய உபகாரம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4-இல் உரிமக் காலம் முடிந்த பாடல்கள் பல 2018இல் புதுப்பிப்பின் வழியே நீக்கப்பட்டன. பழைய தகட்டைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவரிடம் அவை இன்னும் ஒலிக்கும். எனவே கருவியின் புதுப்பிப்பைக் குறிப்புப் படித்துவிட்டு ஏற்றுகிறேன். விளையாட்டின் புதுப்பிப்பைக் கடை திறந்திருக்கும்போதே இறக்கிக்கொள்கிறேன், தகட்டையும் விற்பதில்லை.

முப்பத்தொரு தகடுகளில் இருபத்தேழு நகலாயின. ஒரு நகல் கீழக்கரையில், ஒன்று மண்டபத்தில். இரண்டும் ஒரே கடல் என்பதால் மூன்றாவது ஹார்டு டிஸ்க் மதுரையில் தம்பி வீட்டில் இருக்கிறது.

மச்சானிடம் பந்தய விளையாட்டின் அசல் சிடியைக் கேட்டேன். ஐஎஸ்ஓ எடுத்தபின் மாடியில் காயும் கருவாட்டுக்குக் காகம் வராமல் இருக்க நூலில் கட்டித் தொங்கவிட்டாராம். அடிப்பக்கம் கறுப்பு என்பதால் சரியாக மின்னவில்லை, காகங்கள் மதிக்கவில்லை, இரண்டே நாளில் ராத்தா (அக்கா) அதைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.